கேட்கப்படாத களிமண்

1951-ஆம் ஆண்டு, கனடாவின் வின்னிபெக் நகரை ஒட்டிய டிரான்ஸ்கோனாவில், ஒரு பெரிய தானியக் களஞ்சியம் நிற்கும் நிலத்தில் துளை போட்டார்கள். மண்ணின் உள்ளே குழாயை இறக்கி மாதிரி எடுத்தார்கள். கீழ் ஆழத்திலிருந்து வந்தது சாம்பல் நிறக் களிமண். ஈரமானது, வழவழப்பானது. கட்டைவிரலால் சற்று அழுத்தினால் குழி விழும். பார்த்தால் யாரும் இரண்டாம் முறை திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

அந்த மண்ணிடம் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. நீ எவ்வளவு தாங்குவாய்? அதைக் கேட்க 38 ஆண்டுகள் தாமதமாகிவிட்டது. கேட்காமலேயே 1913-ல் அதன்மேல் 42,000 டன் பாரத்தை ஏற்றியிருந்தார்கள்.

அந்தக் களிமண்ணின் வாழ்க்கை வரலாற்றைத்தான் இங்கே சொல்லப்போகிறேன். அது எங்கே பிறந்தது, எப்படி அங்கே வந்து படுத்தது, எப்படிக் குழாயில் ஏறி ஓர் எண்ணாக மாறியது என்பதெல்லாம் தெரிந்தால்தான் டிரான்ஸ்கோனாவில் நடந்தது புரியும்.

வட அமெரிக்காவின் வடபாதியை ஒரு காலத்தில் கிலோமீட்டர் கணக்கான தடிமனில் பனிப்பாளம் மூடியிருந்தது. பனி என்றால் சும்மா கிடக்கும் பனி அல்ல. தன் எடையால் தானே நசுங்கி மெல்ல நகரும் பனி. நகரும்போது அடியிலிருக்கும் பாறையைத் தேய்க்கும், பெயர்க்கும், அரைக்கும். இரும்பு உளிபோலப் பாறைத் துண்டுகளைத் தன் வயிற்றில் பதித்துக்கொண்டு இன்னொரு பாறையைச் சுரண்டும். பெருங்கல், சரளை, மணல், மாவு எல்லாம் ஒன்றாகப் பிசைந்து அடியில் அப்பிவிட்டுப் போகும். இந்தக் கலவைக்குப் புவியியலாளர்கள் வைத்த பெயர் டில். மேலே நின்ற பனியின் எடை முழுவதையும் சுமந்த மண் என்பதால் டில் பல இடங்களில் கடப்பாரைக்கும் அசையாது.

நம் களிமண்ணின் கதை வேறு. மனிடோபாவின் மேற்கே கிரெட்டேசியஸ் காலத்துக் களிப்பாறைகள் உண்டு. அவற்றின் நடுநடுவே எரிமலைச் சாம்பல் படிந்து உருமாறிய அடுக்குகளும் உண்டு. அந்தப் பாறைகள் கரைந்தும் அரைபட்டும் வந்த துகள்களில் மான்ட்மோரிலோனைட் இனத்துக் கனிமம் நிறைய இருந்தது. நம் கரிசல் நிலத்தைக் கோடையில் வெடிக்கவும் மழையில் உப்பவும் வைப்பது இதே இனம்தான். தண்ணீரைக் கண்டால் விடாமல் பிடித்துக்கொள்ளும் குணம் அதற்கு.

பனிப்பாளம் வடக்கே பின்வாங்கத் தொடங்கியது. உருகிய நீர் வடக்கே ஓட வழியில்லை, பனிச்சுவர் மறித்தது. தெற்கே நிலம் உயர்ந்து கிடந்தது. நடுவே தேங்கிய நீர் ஒரு மாபெரும் ஏரியாயிற்று. ஏறக்குறைய 13,000 ஆண்டுகளுக்கு முன் தோன்றி, 8,000-க்குச் சற்று முன்பு வரை வடிவம் மாறிமாறி இருந்த ஏரி அது. இன்றைய வட அமெரிக்கப் பேரேரிகள் ஐந்தையும் சேர்த்தாலும் அதன் பரப்பை எட்டாது. 1879-ல் வாரன் அப்ஹம் என்ற புவியியலாளர் அதற்கு அகாசி ஏரி என்று பெயரிட்டார். பனியுகம் என்ற ஒன்று இருந்தது என்று உலகத்தை நம்பவைத்த லூயி அகாசியின் நினைவாக வைத்த பெயர்.

ஆறுகள் கலக்கிக் கொண்டுவந்த மண்ணில் மணல் கரையோரமே தங்கிவிட்டது. வண்டல் இன்னும் கொஞ்ச தூரம் போனது. மிக நுண்ணிய களித்துகள்தான் ஏரியின் நடுவரை மிதந்து சென்றது. மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு பருமனுள்ள துகள், அசையாத குளிர்ந்த நீரில் ஒரு மீட்டர் கீழே இறங்க ஐந்தாறு நாள் எடுக்கும். அந்த ஏரி பல இடங்களில் நூறு மீட்டருக்கும் மேல் ஆழமானது. துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு கொஞ்சம் வேகமாக விழுந்திருக்கும். ஆனாலும் எத்தனை பொறுமையான வீழ்ச்சி அது! கோடையில் ஒரு மெல்லிய படிவு, குளிர்காலத்தில் ஏரி உறைந்தபின் அதைவிட நுண்ணிய இன்னொரு படிவு. மிதக்கும் பனிக்கட்டியிலிருந்து எப்போதாவது ஒரு கூழாங்கல் நழுவி விழுந்து அந்த அடுக்குகளுக்கு நடுவே புதைந்தது.

பனி வடக்கே மேலும் விலகியதும் ஏரி ஹட்சன் விரிகுடா பக்கம் வடிந்தது. கடல்போல் கிடந்த இடம் தட்டையான சமவெளியானது. வெயிலும் உறைபனியும் புல்வேரும் மேல்மண்ணைத் தொட்டன. மேல்பகுதி காய்ந்தது, வெடித்தது, மறுபடி நனைந்தது, காற்றுப்பட்டுப் பழுப்பாயிற்று. காயும்போது மண் இறுகும். அப்படி மேலே ஒரு கெட்டியான பழுப்புத் தோல் உண்டானது. கீழே இருந்ததை வெயில் எட்டவில்லை. அதன்மேல் பனிப்பாளமும் ஏறி நின்றதில்லை, ஏனென்றால் பனி போனபிறகு வந்து படிந்த மண் அது. மென்மையாக, சாம்பல் நிறமாக, ஏரி விட்டுப்போன நிலையிலேயே அது இருந்துவிட்டது.

வின்னிபெக்கின் அடிநிலம் இதுதான். மேலே கெட்டியான பழுப்புக் களி, அதன்கீழ் மென்மையான சாம்பல் களி, அதன்கீழ் பனியாறு பிசைந்த டில், அதற்கும் கீழே சுண்ணாம்புப் பாறை. டிரான்ஸ்கோனாவில் தரைமட்டத்திலிருந்து ஏறத்தாழ 15 மீட்டர் போனால் பாறை. நான்கு அடுக்கில் இரண்டாவதுதான் நம் கதாநாயகன். கெட்டியான ஒன்றின் கீழே மென்மையான ஒன்று ஒளிந்திருப்பதுதான் இந்த நிலத்தின் ஆபத்து. வழக்கமாக ஆழம் போகப்போக மண் உரமேறும் என்று நாம் நினைப்போம். இங்கே தலைகீழ்.

1911-ல் கனடியப் பசிபிக் ரயில்வே அங்கே களஞ்சியம் கட்டத் தொடங்கியது. மேற்குச் சமவெளிகளில் விளைந்த கோதுமை கிழக்குத் துறைமுகங்களுக்குப் போகும் வழியில் தங்க இடம் வேண்டும். பத்து லட்சம் புஷல் கொள்ளளவு. 28 மீட்டர் உயரத்தில் 65 கான்கிரீட் குதிர்கள், வரிசைக்கு 13 வீதம் ஐந்து வரிசை. எல்லாவற்றுக்கும் அடியில் ஒரே கான்கிரீட் பலகை, ரேஃப்ட் என்பார்கள். 23.5 மீட்டர் அகலம், 59.5 மீட்டர் நீளம். தரையிலிருந்து ஏறக்குறைய 3.7 மீட்டர் தோண்டி அதை அமைத்தார்கள்.

மண்ணைச் சோதிக்காமல் கட்டினார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. தோண்டிய குழியின் அடியில் சிறு பரப்பின்மேல் எடையேற்றிப் பார்த்தார்கள். மண் சதுர மீட்டருக்கு 40 முதல் 50 டன் வரை தாங்கும் என்று சோதனை சொன்னது. களஞ்சியம் முழுதும் நிறைந்தால் வரப்போவது 32 டன்னைச் சுற்றித்தான். போதும் என்று தோன்றியிருக்கும்.

சோதனை பொய் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குச் சரியாகத்தான் பதில் சொன்னது. தவறு கேள்வியின் அளவில் இருந்தது. நிலத்தின்மேல் ஒரு பாரத்தை வைத்தால் அதன் அழுத்தம் கீழே ஒரு குமிழ்போல் பரவும். அந்தக் குமிழின் ஆழம் பாரத்தின் அகலத்தைப் பொறுத்தது, ஏறக்குறைய அதைப்போல் இரண்டு மடங்கு வரை அழுத்தம் கணிசமாக உணரப்படும். ஓர் அடி அகலப் பலகையில் எடை ஏற்றினால் இரண்டடி ஆழ மண்தான் அதை உணரும். 23.5 மீட்டர் அகலமான ரேஃப்ட் அழுத்தும்போது கீழே பாறை வரை உள்ள அத்தனை அடுக்குகளும் உணரும். சிறு பலகை பழுப்புத் தோலோடு மட்டும் பேசிவிட்டுத் திரும்பியது. அதன்கீழே கிடந்த சாம்பல் களியிடம் யாரும் போகவில்லை.

இதில் அந்தக் காலத்துப் பொறியாளர்களைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த எனக்கு விருப்பமில்லை. கார்ல் டெர்சாகி மண்ணியக்கவியலின் முதல் நூலை வெளியிட்டது 1925-ல். களிமண் எப்படி உடையும் என்று கணக்குப் போட்டுச் சொல்லும் கலை 1911-ல் நடைமுறைக்கு வரவில்லை. ஆனால் ஒன்றை மட்டும் சொல்லத்தான் வேண்டும். கையால் திருகி இறக்கும் துருவு கருவி அன்றும் இருந்தது. பத்து மீட்டர் இறக்கி, வெளியே வந்த மண்ணைக் கையில் எடுத்துப் பிசைந்து பார்த்திருந்தால் போதும். மேலே உள்ளதைவிடக் கீழே உள்ளது மென்மை என்பது விரலுக்கே தெரிந்திருக்கும்.

1913 செப்டம்பரில் குதிர்களில் கோதுமை நிரப்பத் தொடங்கினார்கள். ஒரு பக்கம் பாரம் கூடாமல் சீராகவே நிரப்பினார்கள். அக்டோபர் 18-ஆம் தேதி 8,75,000 புஷல் உள்ளே இருந்தபோது கட்டிடம் இறங்கத் தொடங்கியது. முதல் ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஓர் அடி. பிறகு மேற்குப் பக்கமாகச் சாய ஆரம்பித்தது. விழவில்லை, உடையவில்லை. 65 குதிர்களும் ஒரே உடலாக, மெதுவாக, ஒரு நாள் முழுதும் சாய்ந்துகொண்டே போயின. நின்றபோது சாய்வு 27 பாகைக்குச் சற்றுக் குறைவு. மேற்கு விளிம்பு மண்ணுக்குள் புதைந்திருந்தது, கிழக்கு விளிம்பு பழைய மட்டத்துக்கும் மேலே எழுந்திருந்தது. கட்டிடத்தைச் சுற்றி நிலம் வீங்கி நின்றது.

அந்த வீக்கத்தில்தான் நம் களிமண்ணைத் தேட வேண்டும். அடியிலிருந்து பிதுங்கியதன் அடையாளம் அது. ஈர மாவு உருண்டையைத் தட்டால் அழுத்தினால் ஓரங்களில் பிதுங்குவதுபோல், கீழ்க்களி பக்கவாட்டில் நழுவித் தன்மேல் இருந்த கெட்டித் தோலையும் தள்ளி உயர்த்திவிட்டது. பல்லாயிரம் ஆண்டு அசையாமல் படுத்திருந்த மண் ஒரே நாளில் மீட்டர் கணக்கில் நகர்ந்தது.

கட்டிடத்தை மீட்ட கதை தனிக் கட்டுரைக்கு உரியது. குதிர்களைக் காலி செய்து, அடியில் ஆட்கள் இறங்கிக் குழி தோண்டி, பாறை வரை 70 கான்கிரீட் தூண்களை எழுப்பி, உயர்ந்து நின்ற கிழக்குப் பக்கத்தின் அடிமண்ணை அகற்றி, ஜாக்கிகளால் மேற்கைத் தூக்கி, 18,000 டன் கட்டிடத்தை மறுபடி நிமிர்த்தினார்கள். 1914-ல் அது நேராக நின்றது, முன்பிருந்ததைவிட நான்கு மீட்டருக்கும் மேல் தாழ்வாக. மீண்டும் கோதுமை ஏறியது.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத ஒரு சிறு பொருத்தம் உண்டு. களஞ்சியம் சாய்ந்தபோது வின்னிபெக்கில் பிறந்து ஒரு வயது தாண்டிய குழந்தை ஒன்று இருந்தது. ரால்ஃப் பெக் என்று பெயர். சிறுவயதிலேயே குடும்பத்தோடு அமெரிக்கா போனவர், சிகாகோவில் சுரங்க ரயில்பாதை தோண்டியபோது டெர்சாகியின் கீழ் மண் ஆய்வுக்கூடத்தைப் பார்த்துக்கொண்டார். அங்கும் பனியாற்றுக் காலத்து மென்களிதான். 1948-ல் டெர்சாகியோடு சேர்ந்து அவர் எழுதிய மண்ணியக்கவியல் நூல் உலகெங்கும் பாடநூலானது. பிறந்த ஊரின் மண்ணிடம் விட்டுப்போன கேள்வியைக் கேட்க அவர் வந்தார். 1951-ல் துளைகள் போடப்பட்டன, பிரையன்ட் என்பவரோடு சேர்ந்து பெக் எழுதிய ஆய்வு 1953-ல் லண்டனிலிருந்து வரும் ஜியோடெக்னிக் இதழில் வெளியானது.

ஏன் அத்தனை ஆண்டு கழித்து அக்கறை? புத்தகத்தில் இருக்கும் சூத்திரம் சரியா என்று பார்க்க முழு அளவில் ஒரு கட்டிடத்தை யாரும் வேண்டுமென்றே கவிழ்க்க மாட்டார்கள். தானாகக் கவிழ்ந்தவற்றிலும் உடைந்த நேரத்தில் எவ்வளவு பாரம் இருந்தது என்பது பெரும்பாலும் தெரியாது. டிரான்ஸ்கோனாவில் தெரிந்தது. ஒரு புஷல் கோதுமை 60 பவுண்டு. 8,75,000 புஷல் என்றால் கிட்டத்தட்ட 24,000 டன். கட்டிடம் 18,000 டன். இரண்டையும் கூட்டி ரேஃப்டின் 1,400 சதுர மீட்டரால் வகுத்தால் சதுர மீட்டருக்கு 30 டன். வியாபாரிகள் கணக்கு வைத்து அளந்து போட்ட கோதுமை, உலகத்தின் மிகப் பெரிய மண் சோதனைக்கு எடைக்கல்லாகிவிட்டது. மிச்சம் தெரிய வேண்டியது மண்ணின் வலிமை மட்டும்.

மண்ணைப் பூமியிலிருந்து எடுப்பது எளிது. கலையாமல் எடுப்பதுதான் பாடு. தடித்த குழாயைச் சம்மட்டியால் அடித்து இறக்கினால் உள்ளே வருவது மண்தான், ஆனால் அதன் உட்கட்டு குலைந்துவிட்ட மண். 1949-ல் ஹ்வோர்ஸ்லெவ் என்ற டேனிஷ் பொறியாளர் அமெரிக்காவில் வெளியிட்ட பெரிய அறிக்கை இதையே அலசியது. குழாயின் சுவர் மெலிந்திருக்க வேண்டும். சுவர் அடைக்கும் பரப்பு உள்ளே வரும் மண்ணின் பரப்பில் பத்தில் ஒரு பங்கு அளவுக்குள் இருந்தால் நல்லது. அடிக்கக் கூடாது, ஒரே சீராக அழுத்த வேண்டும். மேலே வந்ததும் ஈரம் போகாமல் இரு முனையிலும் மெழுகு ஊற்றி அடைக்க வேண்டும். வண்டியில் குலுங்காமல், பூமிக்குள் இருந்த அதே நிமிர்ந்த நிலையில் எடுத்துப்போக வேண்டும். மனிடோபாவின் குளிரில் உறையவிட்டால் அத்தோடு முடிந்தது, பனி ஊசிகள் உள்ளே வளர்ந்து அடுக்குகளைக் கிழித்துவிடும். அறுவைச் சிகிச்சைக்குப் போகும் நோயாளியைக் கொண்டுபோவதைப் போன்ற கவனம் வேண்டும் என்று சொன்னால் மிகையில்லை.

எவ்வளவு கவனம் இருந்தாலும் ஒன்றைத் தடுக்க முடியாது. பத்து மீட்டர் மண்ணின் எடையைத் தலையில் தாங்கி வாழ்ந்த களி மேலே வந்ததும் அந்தப் பாரத்தை இழக்கிறது. விடுபட்டு விரியப் பார்க்கிறது. உள்ளிருக்கும் நீர்தான் அதை இழுத்துப் பிடித்துவைக்கிறது. ஆகவே ஆய்வுக்கூடத்தை அடைகிற மண், பூமிக்குள் இருந்த மண்ணின் சற்றுத் தளர்ந்த வடிவம். இதை மறந்துவிட்டு எண்ணை மட்டும் படிப்பவர்களை நான் நம்புவதில்லை.

ஆய்வுக்கூடத்தில் குழாயிலிருந்து தள்ளி எடுத்து, அகலத்தைப்போல் இரண்டு மடங்கு உயரமுள்ள உருளையாகச் செதுக்குகிறார்கள். பக்கத்தில் பிடிமானம் எதுவும் இல்லாமல் நிறுத்தி, மேலிருந்து மெல்ல நசுக்குகிறார்கள். கெட்டி மண் சாய்வாக வெட்டுப்பட்டு நழுவும், மென்மண் இடுப்புப் பெருத்துப் பிதுங்கும். மீந்த துண்டுகளும் வீணாவதில்லை. ஒன்றைச் சூளையில் காயவைத்து ஈரத்தை எடைபோடுகிறார்கள். இந்த ஏரிக் களியில் உலர்ந்த மண் 100 கிராமுக்கு நீர் மட்டும் 50 கிராமைச் சுற்றி நிற்கும். இன்னொன்றை உள்ளங்கையால் கண்ணாடிமேல் உருட்டித் திரியாக்குகிறார்கள். 3 மில்லிமீட்டர் தடிமனில் திரி உதிரத் தொடங்கும் ஈரம் எதுவோ அதைக் குறித்துக்கொள்கிறார்கள். இயந்திரங்கள் எத்தனை வந்தாலும் இந்த உருட்டல் இன்றும் பெரும்பாலும் கையால்தான் நடக்கிறது.

டிரான்ஸ்கோனா மாதிரிகள் நசுங்கியபோது வித்தியாசம் எண்ணாகவே தெரிந்தது. மேல்களி சதுர மீட்டருக்குச் சராசரி 11 டன்னில் உடைந்தது. கீழ்க்களி ஆறு டன்னைத் தாண்டியதுமே உடைந்தது. ஏறக்குறைய பாதி வலிமை! 1911-ல் குழியின் அடியில் நின்று சோதித்தவர்கள் பார்த்தது முதல் எண்ணை மட்டும். இரண்டு அடுக்குகளையும் தடிமனுக்கு ஏற்பக் கலந்து எடுத்த சராசரி ஒன்பது டன். களிமண்ணின் வெட்டுவலிமை என்பது இதில் பாதி, நாலரை டன். இவ்வளவு நீள அகலமுள்ள ரேஃப்ட் இவ்வளவு ஆழத்தில் இருந்தால் அதன் அடிமண் வெட்டுவலிமையைப்போல் ஐந்தரை மடங்கு தாங்கும் என்பது கோட்பாடு. பெருக்கினால் சதுர மீட்டருக்கு 25 டன்.

உண்மையில் உடைந்தது 30 டன்னில். இரண்டுக்கும் இடையே ஐந்து டன் வித்தியாசம், ஆனால் கோட்பாட்டுக்கு அது பெரிய வெற்றி. ஒரு சாண் உயரம்கூட இல்லாத சில மண் உருளைகளிலிருந்து போட்ட கணக்கு, ஒரு பெரிய கட்டிடத்தின் வீழ்ச்சியை இவ்வளவு நெருங்கியது. இந்தக் கணக்கு 1911-ல் கையில் இருந்திருந்தால், 32 டன் ஏற்றப் போகிறோம் என்று சொன்னவரை மறித்திருக்கும். நடைமுறையில் உடையும் அளவில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் மண்ணில் ஏற்றுவதில்லை. அந்த முறைப்படி அந்த ஆழத்தில் அந்த ரேஃப்ட் எட்டு டன்னைச் சுற்றித்தான் சுமந்திருக்க வேண்டும். கோதுமை வருவதற்கு முன்பே வெறும் கட்டிடமே 13 டன்.

பனியாற்று நிலத்தில் இன்று மண் பரிசோதனை செய்பவர்களுக்குச் சாம்பல் களி மட்டும் சவால் இல்லை. அதன்கீழே கிடக்கும் டில் வேறுவிதமாக ஏமாற்றும். 63.5 கிலோ சுத்தியலை 76 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி ஆயிற்று என்று எண்ணுவது உலக வழக்கம். அந்த எண்ணிக்கைதான் N-வேல்யூ. டில்லில் பனி கொண்டுவந்து போட்ட பெருங்கல் ஒன்றின்மேல் குழாய் உட்கார்ந்தால் எண்ணிக்கை எகிறும், கருவி நின்றுவிடும். பாறை வந்துவிட்டது என்று எழுதிவிடத் தோன்றும். கல்லுக்கு அடியில் மறுபடி மென்மண்ணோ நீர் நிறைந்த மணலோ இருக்கலாம். அதனால் அனுபவசாலிகள் வைரமுனைக் கருவியால் அந்தக் கல்லையே குடைந்து, இன்னும் சில மீட்டர் தொடர்ந்து பாறை வருகிறதா என்று பார்த்த பிறகுதான் பாறை என்ற சொல்லை எழுதுவார்கள். ஒரு துளையில் கண்டது பக்கத்துத் துளையில் இருக்கும் என்றும் நம்ப முடியாது. ஆறு மண்ணைப் பருமன்வாரியாகப் பிரித்துப் போடும். பனியாறு பிரிப்பதில்லை, கொண்டுவந்ததைக் கொட்டிவிட்டுப் போய்விடும்.

குழாயில் வந்த களிமண்ணின் பயணம் ஆய்வுக்கூடத்தோடு முடிகிறது. நசுக்கப்பட்டு, உருட்டப்பட்டு, சூளையில் காய்ந்து, அது வெறும் தூளாகிறது. அதன் எண்கள் மட்டும் பாடநூல்களில் ஏறி, அஸ்திவாரம் படிக்கும் மாணவர்களின் பயிற்சிக் கணக்காக ஊர் ஊராகப் போகின்றன. டிரான்ஸ்கோனாவில் மீந்திருக்கும் அதன் உடன்பிறப்புகள் களஞ்சியத்தின் கீழேயே இருக்கின்றன. 70 தூண்களும் அவற்றின் நடுவே ஊடுருவிப் பாறைமேல் நிற்கின்றன. மேலே கோதுமை நிரம்பினாலும் காலியானாலும் அந்தப் பாரம் சாம்பல் களியின்மேல் இறங்குவதில்லை.